எந்த நீலம்? – அச்சிற் சின்ன நிறம் பிறழாது பேணும் முறை

ஒரு கல்லூரியின் நிறங்கள் யாவை என வினவின், அதன் மாணவன் எவனும் தயங்காது விடை கூறுவான். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கு நீலமும் வெள்ளையும். பரியோவான் கல்லூரிக்குச் சிவப்பும் கறுப்பும். கொடியிலும் கழுத்துப்பட்டியிலும் பரிசளிப்பு விழா அழைப்பிதழிலும் ஆண்டு மலரின் அட்டையிலும் இந்நிறங்களைக் காணுந்தோறும் பழைய மாணவர் உள்ளத்திற் கல்லூரியின் நினைவு எழுகின்றது. ஆயின், 'நீலம் என்றீர்; அஃது எந்த நீலம்?' என்று மேலும் ஒரு வினா எழுப்பின் விடை எளிதாய் இல்லை. வானும் நீலம், கடலும் நீலம், மயிலின் கழுத்தும் நீலம், வேலியிற் படரும் காக்கணம்பூவும் நீலம். கருமைக்கு அணித்தான கருநீலம் முதல் வெண்மைக்கு அணித்தான இளநீலம் வரை அனைத்தையும் ஒரு சொல்லே தழுவிநிற்கின்றது. சொல் ஒன்றாதலினாற் பொருளும் ஒன்றே என மயங்குதல் மக்கள் இயல்பு. அம்மயக்கத்தின் விளைவு அச்சகத்தில் வெளிப்படுகின்றது.

விழா அழைப்பிதழ் ஒன்று கணினித் திரையில் வரையப்படுகின்றது. திரையில் அதன் நீலம் ஒளிவிட்டு விளங்குகின்றது. பார்த்தோர் யாவரும் அதனை ஏற்றுக்கொள்கின்றனர். அச்சாகி வந்த கட்டை அவிழ்த்தபோதோ நீலத்துக்குப் பதிலாகக் கத்தரிப்பூ நிறம் காணப்படுகின்றது. வரைந்தவர் அச்சகத்தாரை நோகின்றார். அச்சகத்தார் வரைந்தவரை நோகின்றார். பணம் கொடுத்தவர் இருவரையும் நோகின்றார். மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும், வழக்கைத் தீர்ப்பதற்குரிய சான்று மூவர் கையிலும் இல்லை. அச்சான்று யாது, அதனை எங்ஙனம் தேடிவைத்தல் வேண்டும் என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

முன்னாளில் இவ்வினா இத்துணைக் கடுமையாய் எழுந்ததில்லை. 1834ஆம் ஆண்டு முதல் மானிப்பாயில் இயங்கிய அமெரிக்க மிஷன் அச்சுக்கூடமும், 1849ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய வித்தியாநுபாலன யந்திரசாலையும் யாழ்ப்பாணத்து அச்சுக்கலைக்கு அடிகோலின. அவற்றின் நாட்டம் எழுத்தின் திருத்தத்தின் மேலதாய் இருந்தது. கரிய மை கரியதாய்த் தோன்றின் போதும். நிறப்படம் அச்சிடும் தொழில் வளர்ந்த காலத்தும் நிறத்தைத் தெரிவோரும் மையைக் கலப்போரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். ஓவியர் இரவிவர்மா 1894ஆம் ஆண்டிற் பம்பாயில் நிறுவிய அச்சகத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் வெவ்வேறு கல் அமைக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாய்த் தாளிற் பதிக்கப்பட்டது. அங்கே நிறம் என்றது மையையே. மையைக் கண்ணாற் கண்டே தெரிந்தெடுத்தனர். இக்காலத்திலோ நிறத்தைத் தெரிபவர் ஒருவர், அச்சிடுபவர் வேறொருவர். முன்னவர் ஒளியைக் கண்டு தெரிகின்றார். பின்னவர் மையைக் கொண்டு அச்சிடுகின்றார். இடர் முழுவதும் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று சிற்றொளிகளின் தொகுதி. ஒவ்வோர் ஒளியின் வலியும் 0 முதல் 255 வரை 256 படிகளாய் வகுக்கப்பட்டுள்ளது. ஆதலின் மூன்றும் கூடுங்கால் 16,777,216 கலவைகள் பெறப்படும். மூன்றொளியும் முழுவலியுடன் கூடின் வெண்மை. மூன்றும் அவியின் கருமை. இஃது ஒளியோடு ஒளியைக் கூட்டி நிறம் காணும் முறை. அச்சு இதற்கு மறுதலையானது. மை ஒளி தருவதன்று. தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி எஞ்சியதைக் கண்ணுக்கு விடுவது. சயான் என்னும் பசுநீல மை சிவப்பொளியை விழுங்கும். மஜெந்தா என்னும் செவ்வூதா மை பச்சையொளியை விழுங்கும். மஞ்சள் மை நீலவொளியை விழுங்கும். மூன்றும் கூடின் கருமை பிறத்தல் வேண்டும்; மைகள் குறையுடையன ஆதலாற் சேற்று நிறமே பிறக்கின்றது. அக்குறை தீர நான்காவதாகக் கறுப்பு மை சேர்க்கப்படுகின்றது.

ஒளி காட்டும் நிறங்கள் அனைத்தையும் இந்நான்கு மைகளாற் காட்டல் இயலாது. இவ்வரம்பு நீலத்தில் மிகக் கடுமையாய்த் தோன்றுகின்றது. சிவப்பும் பச்சையும் சுழியாகி நீலம் மட்டும் 255 ஆகிய திரை நீலத்தின் நிறச்செறிவோடு ஒப்பிடின், சயான் மையும் மஜெந்தா மையும் முழு அளவிற் பதிந்து பிறக்கும் நீலத்தின் செறிவு பாதிக்கும் குறைந்தது. செறிவு குறைவதோடு நில்லாது, இரண்டும் சம அளவிற் பதியின் மஜெந்தா மேலோங்கி நீலத்தை ஊதாவின்பாற் சாய்த்துவிடுகின்றது. அழைப்பிதழ் கத்தரிப்பூ நிறம் கொண்டமைக்குக் காரணம் இதுவே, அச்சகத்தாரின் கவனக்குறைவன்று. ஆதலின், நூற்று விழுக்காடு சயானோடு எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்ட மஜெந்தாவைச் சேர்த்தல் ஆகாது என்பது தொழிலறிந்தோர் கைக்கொள்ளும் விதி. இரண்டுக்கும் இடையில் முப்பது விழுக்காட்டு இடைவெளியேனும் இருப்பின் நீலம் நீலமாய் நிற்கும்.

இதனாற் பெறப்படும் முதற் பாடம் ஒன்று உண்டு. சின்ன நிறத்தைத் திரையில் தெரிந்து பின் அச்சுக்கு இழுத்தல் முறையன்று. அச்சில் எய்தத்தக்க நிறத்தை முதலிற் தெரிந்து, அதற்கு ஒத்த எண்ணைத் திரைக்கு வகுத்தலே முறை. திரை அச்சின் நிறங்களிற் பெரும்பாலானவற்றைக் காட்ட வல்லது. அச்சோ திரையின் நிறங்கள் பலவற்றைக் காட்ட வல்லதன்று. இரு பாத்திரங்களுக்கும் பொதுவாக ஓர் அளவு நீர் வேண்டின் சிறிய பாத்திரத்தையே அளவாகக் கொள்ளுதல் போல்வது இது.

இனித் தாளை நோக்குவோம். யாழ்ப்பாணத்தில் உருவாகிப் பெயர்பெற்ற சவர்க்காரம் ஒன்று மில்க்வைற் என வழங்கியது. பாலின் வெண்மை என்பது அப்பெயரின் பொருள். வெண்மையையே பெயராய்க் கொண்ட பொருளுக்கு மேலுறை அச்சிடுவோன் வெண்மைக்கு எந்த மையை இடுவான்? நால்வகை மையில் வெண்மை இல்லை. அச்சில் வெண்மை என்பது மை படாது விடப்பட்ட தாளேயன்றி வேறன்று. எனவே, நீலமும் வெள்ளையும் ஒரு கல்லூரியின் நிறங்களாயின் அவற்றுட் பாதியை அச்சகத்தார் அச்சிடுவதில்லை. தாள் வாங்குவோரே அதனைத் தெரிவு செய்கின்றனர். வெண்மையூட்டும் இரசாயனம் சேர்ந்த தாள் சிறிது நீலச்சாயல் காட்டும். சேராதது சிறிது மஞ்சட்சாயல் காட்டும். மைகள் கண்ணாடிபோல் ஒளிபுகவிடுவன ஆதலின், தாளின் சாயல் அவற்றினூடே வெளிப்பட்டு மேலுள்ள நிறத்தையும் மாற்றுகின்றது.

தாளின் மேற்பரப்பும் கருதற்பாலது. பூச்சுள்ள வழவழப்பான தாளில் மை மேலே தங்கி ஒளிவிடும். பூச்சில்லாத தாளில் மை நாரினுள் இறங்கி மங்கும். அச்சுப் புள்ளிகளும் அங்கே பரந்து பெருகுகின்றன. ஐம்பது விழுக்காடு எனக் குறித்த புள்ளி அதனினும் பெரிதாய்த் தோன்றி நிறத்தைக் கருக்கும். செய்தித்தாளின் நிலை இன்னும் இடருடையது. நான்கு மைகளையும் முழு அளவிற் கூட்டின் 400 விழுக்காடு ஆகும். செய்தித்தாள் ஏறக்குறைய 240 விழுக்காட்டையே தாங்கும். பூச்சுத் தாள் ஏறக்குறைய 300 முதல் 330 வரை தாங்கும். இவ்வரம்பைக் கடப்பின் மை உலராது மறுதாளில் ஒட்டும். தாளின் அருமையை யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். 1990களின் முற்பகுதியிற் பொருளாதாரத் தடையினால் அச்சுத்தாள் கிடையாதபோது, பாடசாலைக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளிலும் இங்குச் செய்தித்தாள் அச்சிடப்பட்டது. எழுத்தின் பொருளைக் கோடு மாற்றவில்லை. ஆயின், நிறத்துக்கு அத்தகைய விடுதலை இல்லை. தாள் மாறின் நிறம் மாறும்.

அங்ஙனமாயின் நிறத்தை எதனாற் குறித்தல் வேண்டும்? அதற்கு இரு வழிகள் உள. ஒன்று, ஆயத்த மையின் எண். அமெரிக்கரான லோரன்ஸ் ஹேபேட் என்பார் 1963ஆம் ஆண்டில் வகுத்த பன்ரோன் முறை இவ்வகையில் உலகெங்கும் பரவியது. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண்ணும், அந்நிறத்தைப் பெறற்கு மூலமைகளைக் கலக்க வேண்டிய விகிதமும், அச்சிட்ட மாதிரியும் உண்டு. ஒரே மை இருவகைத் தாளில் இருவிதமாய்த் தோன்றும் ஆதலால், எண்ணின் ஈற்றில் 'சீ' என்னும் குறி பூச்சுத் தாளையும் 'யூ' என்னும் குறி பூச்சில்லாத் தாளையும் உணர்த்தும். அக்குறியை விடுத்து எண்ணை மட்டும் கூறுதல் பாதி முகவரி எழுதிய கடிதம் போன்றது. கடிதத்தாள் போன்று நீலம் ஒன்றே வேண்டப்படும் பணிக்கு இவ்வாறு கலந்த தனிமையைக் கொள்வதிற் பிறிதொரு நயமும் உண்டு. நான்கு தட்டுக்குப் பதிலாக ஒரு தட்டே போதும். நுண்ணிய எழுத்தும் ஓரம் சிதறாது பதியும்.

மற்றையது, கருவியால் அளந்த எண். ஒளியியல் பற்றிய அனைத்துலக ஆணைக்குழு 1931ஆம் ஆண்டில் மனிதக் கண்ணின் இயல்பை அடிப்படையாய்க் கொண்டு நிறத்தை எண்ணாற் குறிக்கும் முறையை வகுத்தது. 1976ஆம் ஆண்டில் அதனின்றும் 'லாப்' எனப்படும் முறை தோன்றியது. அதில் ஓர் எண் ஒளியின் மிகுதி குறைவையும், ஓர் எண் சிவப்பு பச்சைச் சாயலையும், ஓர் எண் மஞ்சள் நீலச் சாயலையும் உணர்த்தும். இரு நிறங்களுக்கு இடையிலுள்ள தூரத்தையும் இவ்வெண்களாற் கணிக்கலாம். ஏறக்குறைய ஓர் அலகு வேறுபாட்டைக் கூர்ந்த கண் மட்டுமே காணும். ஐந்து அலகு வேறுபாடு அருகருகே வைத்த மாத்திரத்தே பலர்க்கும் புலப்படும். சின்ன நிறத்தில் இரண்டு அல்லது மூன்று அலகுக்கு மேற் பிழையாகாது என முன்கூட்டியே உடன்படுதல் தொழிலிற் காணப்படும் வழக்கம். உடன்பாடு எழுத்தில் இருப்பின், பின்னர்த் தோன்றும் வழக்கைக் கண்ணும் கோபமும் தீர்க்க வேண்டியதில்லை, கருவி தீர்க்கும்.

பெரிய நாடுகளும் இவ்விடரை அறிந்தே இருந்தன. ஸ்கொத்லாந்தின் கொடி நீல நிலத்தில் வெண்சிலுவை உடையது. நீலம் என்பதன்றி எந்த நீலம் என வரையறை இல்லாமையால், வான்நீலம் முதற் கருநீலம் வரை பலவகைக் கொடிகள் அங்குப் பறந்தன. 2003ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழுவொன்று பன்ரோன் 300 என்னும் நீலத்தைப் பரிந்துரைத்தது. இந்தியாவோ தன் தேசியக் கொடிக்கு 1951ஆம் ஆண்டிலேயே நியமம் வகுத்துப் பின்னர் 1964ஆம், 1968ஆம் ஆண்டுகளில் திருத்தியது. காவி என்னும் சொல்லும் நீலம் போன்றே அகன்ற பொருளுடையது. துறவியின் ஆடையும் கோயில் மதிலின் செம்பட்டையும் ஒரே பெயர் பெறினும் ஒரே நிறமல்ல. ஆதலின் அந்நியமம் சொல்லை நம்பி நில்லாது, கொடியின் நிறங்களை அளவெண்களாலேயே குறித்தது.

இவ்விரு வழிகளுள் ஒன்றை மட்டும் நம்பியிருத்தல் நன்றன்று என்பதற்கு அண்மைக்காலச் செய்தி ஒன்று சான்றாகும். 2022ஆம் ஆண்டின் இறுதியில் அடோபி நிறுவனத்தின் மென்பொருள்களிலிருந்து பன்ரோன் நிறத்தொகுதிகள் பெரும்பாலானவை நீங்கின. தனிக்கட்டணம் செலுத்தாதோர் முன்னர் அமைத்த கோப்புக்களைத் திறந்தபோது அந்நிறங்கள் இருந்த இடம் கருமையாய்த் தோன்றியதும் உண்டு. நிறுவனம் ஒன்றின் பெயரெண் அதன் வணிகத்தோடு கட்டுண்டது. அளந்த எண்ணோ எவர்க்கும் உரிமைப்பட்டதன்று. எனவே இரண்டையும் எழுதிவைத்தலே அறிவுடைமை.

எண் ஒத்திருப்பினும் ஒளி மாறின் கண் மயங்கும். புடைவைக்கு ஏற்ற இரவிக்கைத் துணி தேடும் பெண்கள் கடையின் விளக்கொளியில் ஒத்துத் தோன்றும் துணியையும் வாசலுக்குக் கொண்டுவந்து பகலொளியிற் பார்த்தே வாங்குவர். இரு பொருள்கள் ஓர் ஒளியில் ஒத்தும் மற்றோர் ஒளியில் வேறுபட்டும் தோன்றல் கூடும் என்னும் பௌதிக உண்மையை அவர்கள் அனுபவத்தால் அறிந்துள்ளனர். அச்சுத்தொழிலில் இதன்பொருட்டு 5000 கெல்வின் நிறவெப்பநிலையுடைய ஒளி நியமமாய்க் கொள்ளப்படுகின்றது. அத்தகைய விளக்கு இல்லாத அச்சகத்தில், நேர்வெயில் படாத நிழலில், முற்பகல் ஒளியில் மாதிரியை நோக்குதல் தக்கது. மஞ்சள் விளக்கின் கீழ் நீலத்துக்கு ஒப்புதல் அளித்தல் எவ்வாற்றானும் தகாது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், கல்லூரியோ கழகமோ சிறு வணிகரோ செய்யத்தக்கவை தெளிவாகின்றன. முதலாவது, வெயிலில் வெளிறாத பழைய கொடியையேனும் நன்கு அச்சான மலரட்டையையேனும் மூலமாய்க் கொண்டு, நிறமானியால் அதனை அளந்து எண்ணைப் பெறுதல். இரண்டாவது, அவ்வெண்ணுக்கு அணித்தான ஆயத்த மையின் எண்ணையும், பூச்சுத் தாளுக்கும் பூச்சில்லாத் தாளுக்கும் தனித்தனியே நால்வகை மையின் விகிதத்தையும், திரைக்குரிய மூவெண்ணையும் ஒரே தாளில் எழுதிவைத்தல். திரைக்குரிய எண் எஸ்ஆர்ஜிபி என்னும் நியமத்தின்படியது என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். இல்லையேல் ஒரே எண் திரைக்குத் திரை வேறுபட்டுத் தோன்றும். மூன்றாவது, கோப்பை அமைக்கத் தொடங்குமுன் எத்தாளில், எப்பொறியில் அச்சாகும் என அச்சகத்தாரைக் கேட்டறிந்து, அதற்குரிய நிறவிவரணக் கோப்பைக் கணினியிற் பொருத்துதல். பூச்சுத் தாளுக்கு ஃபோக்ரா 51, பூச்சில்லாத் தாளுக்கு ஃபோக்ரா 52 என்பன போன்ற விவரணங்கள் இதற்கு உள. நான்காவது, அச்சுக்கு அனுப்பும் கோப்பு அவ்விவரணத்தைத் தன்னுட் கொண்ட பிடிஎஃப்-எக்ஸ் வகையினதாய் இருத்தல். கைப்பேசிச் செய்தியில் வந்த படத்தை எடுத்து அச்சிடுதல் கூடவே கூடாது. ஐந்தாவது, அச்சாகும் தாளிலேயே மாதிரி எடுத்து, பகலொளியிற் பார்த்து, கையொப்பமும் திகதியும் இட்டு, ஒரு படியை அச்சகத்தாரிடமும் ஒரு படியைத் தம்மிடமும் வைத்தல். அப்படியை ஒளி படாத உறையில் இடுதல் வேண்டும். சுவரில் ஒட்டிய விளம்பரங்களில் மஞ்சளும் மஜெந்தாவும் வெயிலில் விரைந்து வெளிற நீலச்சாயல் மட்டும் எஞ்சுதலைத் தெருவிற் காணாதார் இலர்.

இத்துணை முயற்சி ஒரு நீலத்துக்காக வேண்டுமோ எனச் சிலர் வினவலாம். பனங்கட்டிக்கும் நல்லெண்ணெய்க்கும் மேலுறை அச்சிடும் சிறு வணிகர்க்கு அவ்வுறையின் நிறமே கையொப்பம். இம்மாதம் ஒரு நிறமும் அடுத்த மாதம் ஒரு நிறமும் ஆயின், வாங்குவோர் பொருளையே போலியென ஐயுறுவர். பல்லாயிரம் உறைகளைக் கழித்து மீண்டும் அச்சிடும் ஆற்றல் அத்தகையோர்க்கு இல்லை. கல்லூரிக்கோ இழப்பு வேறுவகைத்து. அதன் பழைய மாணவர் இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பரந்து வாழ்கின்றனர். அவரவர் ஊரில் அவரவர் கையிற் கிடைத்த படத்தைக் கொண்டு சின்னத்தை அச்சிடுகின்றனர். படத்தினின்றும் படம் எடுக்கப்படுந்தோறும் நீலம் சிறிது சிறிதாய் விலகுகின்றது. எவரும் அதனை மாற்றக் கருதியவர் அல்லர். எனினும் சில ஆண்டுகளில் ஒரு கல்லூரிக்குப் பல நீலங்கள் தோன்றிவிடுகின்றன. எவ்வூரில் இருப்பினும் ஒரே கொடியின்கீழ் நிற்கின்றோம் என்னும் உணர்வைத் தரவே நிறம் வகுக்கப்பட்டது. அந்நோக்கம் நிறைவுற வேண்டின், எண்கள் எழுதிய அத்தாள் ஒன்றே கல்லூரி அலுவலகத்தினின்றும் எல்லாச் சங்கங்களுக்கும் செல்லுதல் வேண்டும்.

அதற்கு ஆகும் செலவு சிறிது. ஒருமுறை செய்தாற் பல்லாண்டு பயன் தரும். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் களைந்து மூலபாடம் காணும் மரபு யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. படி எடுப்போர் கைப்பிழையால் நூல் திரிவது போலவே நிறமும் படிப்படியாய்த் திரிகின்றது. நூலுக்குச் செய்த பணியை நிறத்துக்கும் செய்தல் அரிதன்று. அடுத்த மலரின் அட்டை அச்சுக்குப் போகுமுன், அதன் நீலம் எது என எண்ணால் எழுதப்பட்ட தாள் ஒன்று அலுவலகத்தில் இருக்குமாயின், அட்டையைக் கையில் எடுப்போர் எந்நாட்டிலிருப்பினும் தாம் அணிந்த கழுத்துப்பட்டியின் நீலத்தையே அதிற் காண்பர்.